‘எல்லாம் மனசுதான்’ என்று அனுப்பிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

நெஞ்சு படபடக்கிறது, கை மரத்துப்போகிறது, மூச்சு முழுதாக இறங்க மாட்டேன் என்கிறது, வயிற்றைப் பிசைகிறது, இ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்தாயிற்று, எல்லாம் நார்மல் என்கிறார்கள், தொல்லை மட்டும் போகவில்லை. மருத்துவப் பக்கங்களுக்கு வரும் வாசகர் கேள்விகளில் இப்படியொரு கடிதம் எப்போதும் இருக்கும். பதில் பெரும்பாலும் இரண்டே வரி: பயப்பட ஒன்றுமில்லை, எல்லாம் மனசுதான், டென்ஷனைக் குறையுங்கள்.

பதற்ற நோயாளிகளின் மனதையும் உடலையும் சேர்த்துப் பார்க்கும் மருத்துவர்கள் நாங்கள். அந்த இரண்டு வரி இரண்டு பக்கமும் கெடுதல் செய்கிறது என்பதால்தான் எழுதுகிறோம். உள்ளே ஓர் உடல் நோய் ஒளிந்திருந்தால் அது தப்பிவிடுகிறது. பதற்ற நோய்தான் என்றாலோ, சிகிச்சை உள்ள ஒரு நோய்க்கு ‘ஒன்றுமில்லை’ என்று பெயர் வைத்து அனுப்பிவிடுகிறோம். அவர் அடுத்த டாக்டரிடம் போய் அதே இ.சி.ஜி.யை மறுபடி எடுக்கிறார். 2019இல் உலகில் 30 கோடிக்கும் மேற்பட்டோர் பதற்ற நோயோடு இருந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அவர்களில் ஏதாவது ஒரு சிகிச்சையாவது கிடைப்பது ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத்தான்.

முதலில் மூச்சைப் பற்றிச் சொல்கிறோம். அதிகம் பயமுறுத்துவதும் அதிகம் தவறாகக் கையாளப்படுவதும் அதுதான். பதற்றம் ஏறும்போது மூச்சு வேகமாக, மேல்நெஞ்சோடு ஓடுகிறது. உடல் உற்பத்தி செய்வதைவிட அதிகமான கார்பன் டை ஆக்ஸைடு வெளியே போய்விடுகிறது. தமனி ரத்தத்தில் அதன் அழுத்தம் 35 முதல் 45 மி.மீ. பாதரசம் வரை இருக்க வேண்டும். 35க்குக் கீழே இறங்கினால் ரத்தத்தின் காரத்தன்மை கூடும். ரத்தத்தில் தனியே உலவும் கால்சியம் அயனிகள் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். நரம்புகள் லேசான தூண்டலுக்கே துடிக்கும். உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் ஊசி குத்துவது, விரல்கள் கோணிக்கொண்டு இழுப்பது எல்லாம் இதனால்தான். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்களும் சுருங்குவதால் தலை கிறுகிறுக்கிறது. ‘காற்று போதவில்லை’ என்று அவர் தவிக்கும் அதே நேரத்தில் விரலில் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை மாட்டினால் பெரும்பாலும் 98, 99 என்று காட்டும். குறைந்திருப்பது ஆக்ஸிஜன் அல்ல.

அதனால் பக்கத்தில் இருப்பவர்கள் நல்லெண்ணத்தோடு சொல்லும் “நல்லா இழுத்து ஆழமா மூச்சு விடு” என்ற யோசனை நிலைமையை மோசமாக்குகிறது. வேண்டியது ஆழமல்ல, நிதானம். வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக, சாதாரண அளவு காற்றை 4 விநாடி உள்ளே எடுக்க வேண்டும். வயிற்றில் வைத்த கை லேசாக எழும்பினால் போதும், தோள் உயரக் கூடாது. பிறகு 6 விநாடி வெளியே விட வேண்டும். நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். ஐந்தாறு மூச்சோடு “சரியாகவில்லையே” என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். இறங்கிப்போன கார்பன் டை ஆக்ஸைடு பழைய நிலைக்கு வரச் சில நிமிடங்கள் பிடிக்கும் என்பதால் குறைந்தது 5 நிமிடம் தொடர வேண்டும். பதற்றம் இல்லாத வேளையில் தினம் இரண்டு தடவை பழகி வைத்தால்தான் அவசரத்தில் கைகொடுக்கும். காகிதப் பையை வாயில் வைத்து மூச்சு விடச் சொல்வதை அடியோடு நிறுத்த வேண்டும். வந்திருப்பது ஆஸ்துமாவோ மாரடைப்போ என்றால், ஏற்கெனவே குறைந்திருக்கும் ஆக்ஸிஜனை அந்தப் பை இன்னும் குறைத்து உயிருக்கே ஆபத்தாகும்.

நெஞ்சு வலி வேறு கணக்கு. பேனிக் அட்டாக் எனப்படும் திடீர்ப் பதற்றத் தாக்குதல் வழக்கமாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, அரை மணி நேரத்துக்குள் தணியத் தொடங்கும். இதை வைத்துக்கொண்டு வீட்டிலேயே தீர்ப்புச் சொல்லக் கூடாது. அழுத்துவது போன்ற வலி, தாடைக்கோ கைக்கோ முதுகுக்கோ பரவுவது, நடந்தால் வந்து நின்றால் குறைவது, குளிர்ந்த வியர்வை, மயக்கம் இவற்றில் எது இருந்தாலும் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுதான். சர்க்கரை நோயாளிகள், முதியவர்கள், பெண்கள் ஆகியோருக்கு வலியே இல்லாமல் வெறும் மூச்சுத் திணறலாகவும் களைப்பாகவும் மாரடைப்பு வருவதுண்டு. முதல் இ.சி.ஜி. நார்மலாக இருப்பது மட்டும் போதாது. இதயத் தசை சேதமடைந்தால் கூடும் ட்ரோபோனின் என்ற புரதத்துக்கான ரத்தப் பரிசோதனையைச் சில மணி நேரம் விட்டு இரண்டாம் முறை பார்த்த பிறகே மாரடைப்பு இல்லை என்று சொல்ல முடியும்.

கனடாவில் மாண்ட்ரியல் நகர இதய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நெஞ்சு வலியோடு வந்தவர்களை ஆராய்ந்த ஆய்வு ஒன்று 1996இல் வெளியானது. ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குப் பேனிக் நோய், அதாவது பேனிக் அட்டாக் திரும்பத் திரும்ப வரும் நோய், இருந்தது. அங்கிருந்த இதய மருத்துவர்கள் அநேகமாக எவரிடமும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. பேனிக் நோய் இருந்த அதே ஆட்களில் கணிசமானவர்களுக்கு இதயத் தமனி நோயும் முன்பே இருந்தது. பேனிக்கா இதய நோயா என்று கேட்பதே தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 2010இல் வெளியான இன்னொரு தொகுப்பாய்வு, 20 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, பதற்றம் உள்ளவர்களுக்குப் பிற்காலத்தில் இதயத் தமனி நோய் வரும் வாய்ப்பு சுமார் 26 சதவீதம் அதிகம் என்று கண்டது. அட்ரினலினும் கார்ட்டிசோலும் ஓயாமல் சுரப்பது ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. புகைபிடிப்பது, உறக்கம் கெடுவது, உடற்பயிற்சியை விட்டுவிடுவது ஆகியவையும் கூடவே வருகின்றன. பழைய ஃபைலில் ‘பேனிக்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து நெஞ்சு வலிக்காரரை வரிசையின் கடைசியில் உட்கார வைக்கக் கூடாது என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

பதற்றம் போலவே வேடம் போட்டு வரும் உடல் நோய்கள் பல. தைராய்டு அதிகமாகச் சுரந்தால் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை எல்லாம் வரும். ஆனால் நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைவது, வெக்கை தாங்காமை, மலம் அடிக்கடி போவது, நீட்டிய விரல்களில் மெல்லிய அதிர்வு ஆகியவை அதைக் காட்டிக்கொடுக்கும். தைராய்டு கூடுதலாகச் சுரந்தால் குறைந்துவிடும் டி.எஸ்.எச். என்ற ஹார்மோனை அளக்கும் ஒரு ரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. முடி உதிர்வுக்காகப் பலர் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை, சில ஆய்வுக்கூட முறைகளில் டி.எஸ்.எச்.சைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். இல்லாத தைராய்டு நோய் இருப்பதுபோல் ரிப்போர்ட் வரும். ட்ரோபோனினையும் அது குறைத்துக் காட்டக்கூடும் என்பது அதைவிடப் பெரிய ஆபத்து. பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே அதை நிறுத்திவிட்டு, ரத்தம் எடுப்பவரிடமும் சொல்லிவிடுங்கள். அவசரமாகப் போனால் சாப்பிட்டதையாவது சொல்லுங்கள்.

எஸ்.வி.டி. என்ற இதயத் துடிப்புக் கோளாறு இன்னும் தந்திரமானது. பதற்றத்தில் துடிப்பு படிப்படியாக ஏறிப் படிப்படியாக இறங்கும். இதிலோ சுவிட்ச் போட்டதுபோல் சட்டென்று 150க்கும் 200க்கும் தாவி, அதேபோல் சட்டென்று நிற்கும். அமெரிக்காவில் 1997இல் வெளியான ஓர் ஆய்வில், எஸ்.வி.டி. என்று உறுதியானவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் அறிகுறிகள் பேனிக் நோயின் அளவுகோலுக்கும் அப்படியே பொருந்தின. படபடப்பு நின்ற பிறகு எடுக்கும் இ.சி.ஜி. பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். துடிக்கும்போது எடுப்பதுதான் பயன்படும். உடலில் மாட்டிக்கொண்டு 24 மணி நேரம் இ.சி.ஜி. பதிவு செய்யும் ஹோல்டர் கருவியில் அகப்படாவிட்டால், மாதத்துக்கு ஒரு முறை வரும் படபடப்பு அந்த ஒரு நாளில் வரவில்லை என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை; வாரக்கணக்கில் மாட்டும் கருவியைக் கேட்க வேண்டும்.

ரத்த சோகை, சர்க்கரை இறக்கம் இரண்டையும் மறக்கக் கூடாது. இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியா வகை சர்க்கரை நோய் மாத்திரையோ எடுப்பவருக்கு நடுக்கமும் வியர்வையும் வந்தால் உடனே குளுக்கோமீட்டரில் பார்க்க வேண்டும். 70 மி.கி.க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதனை. பதற்றத்துக்காக, துடிப்பைக் குறைக்கும் ப்ரோப்ரனலால் மாத்திரை எடுப்பவர் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். நடுக்கத்தையும் படபடப்பையும் அந்த மாத்திரை மறைத்துவிடும், வியர்வை மட்டுமே எச்சரிக்கையாக மிஞ்சும். மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின், ஸ்டீராய்டு, தியோஃபிலின், அளவு கூடிப்போன தைராக்ஸின், அதிகப்படியான கஃபீன் எல்லாமே படபடப்பைக் கொண்டுவரும். மது குடிப்பவருக்குக் கடைசியாகக் குடித்து 6 மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கும் கைநடுக்கமும் வியர்வையும் பதற்றம்போலவே இருக்கும், ஆனால் அது மது விலகல். வலிப்பு வரை போகக்கூடியது என்பதால், தினமும் அதிகம் குடிப்பவர் மருத்துவ மேற்பார்வை இல்லாமல் திடீரென்று நிறுத்தக் கூடாது.

ஆஸ்துமாவும் பதற்றமும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது சகஜம். அங்கேதான் குழப்பம் உச்சத்துக்குப் போகிறது. மூச்சு வாங்குகிறது, இன்ஹேலரை அழுத்துகிறார், அதிலுள்ள சால்ப்யூட்டமால் மருந்து கையை நடுங்க வைத்துத் துடிப்பை ஏற்றுகிறது, ஆஸ்துமா முற்றிவிட்டது என்று பயந்து மறுபடி அழுத்துகிறார். இதற்கு வழி, மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர். நின்றுகொண்டு, முழுதாக மூச்சை இழுத்து, உதட்டை இறுக மூடி, ஒரே வேகத்தில் ஊத வேண்டும். மூன்று முறை ஊதி, அதிகமானதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆஸ்துமா கட்டுக்குள் இருக்கும் இரண்டு மூன்று வாரங்கள் தினமும் ஊதிப் பார்த்தால் ‘என் உச்ச அளவு’ எது என்று தெரிந்துவிடும். திணறல் வரும்போது அளவு அதில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மூச்சுக்குழாய் பெரிதாகச் சுருங்கவில்லை என்று எடுத்துக்கொண்டு நிதான மூச்சைத் தொடங்கலாம். 50க்கும் 80க்கும் இடையில் என்றால் மருத்துவர் எழுதித் தந்த ஆஸ்துமா திட்டப்படி மருந்து. 50க்குக் கீழே என்றால் இன்ஹேலரை அழுத்திக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். பேச முடியாத அளவுக்குத் திணறினால் மீட்டரைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. ஆஸ்துமா உள்ளவருக்கு ப்ரோப்ரனலால் ஆகவே ஆகாது. “மேடைப் பேச்சுக்கு முன்னால் ஒன்று போட்டுக்கோ” என்று நண்பர்கள் கைமாற்றிக் கொடுக்கும் மாத்திரை இது என்பதால் அழுத்திச் சொல்கிறோம்.

வயிற்றுக்கு வந்தால், குடலும் மூளையும் வேகஸ் நரம்பு வழியாக இரு திசையிலும் ஓயாமல் பேசிக்கொள்பவை. மலம் கழிப்பதோடு தொடர்புள்ள வயிற்று வலி மூன்று மாதமாக வாரத்துக்கு ஒரு நாளாவது வந்து, மலத்தின் தன்மையும் எண்ணிக்கையும் மாறியிருந்தால் அது ஐ.பி.எஸ். எனப்படும் குடல் எரிச்சல் நோயாக இருக்கலாம், பதற்றத்துக்குச் சிகிச்சை எடுத்தால் பலருக்கு வயிறும் தணிகிறது. ஆனால் மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, ரத்த சோகை, 50 வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கிய தொல்லை என்றால் ஐ.பி.எஸ். என்ற முத்திரை குத்தும் முன் குடலைப் பரிசோதிக்க வேண்டும். தொண்டையில் உருண்டை அடைப்பதுபோல் இருப்பதும் அப்படித்தான். எச்சில் விழுங்கும்போது அடைத்து, சாப்பாடு மட்டும் தடையின்றி இறங்கினால் பெரும்பாலும் தசை இறுக்கம். சாப்பாடே சிக்கினால் உடனே காட்ட வேண்டும்.

ரத்த அழுத்தத்தில் தவறு நேர்வது பெரும்பாலும் அளக்கும் முறையில். கிளினிக்கில் மட்டும் ஏறி வீட்டில் இறங்கிவிடும் அழுத்தத்துக்கு மாத்திரை தொடங்கினால் தலைசுற்றலும், அதனால் இன்னும் பதற்றமும்தான் மிச்சம். வீட்டில் அளக்கும் முன் அரை மணி நேரம் காபி, சிகரெட் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பதிய 5 நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை இதய மட்டத்தில் இருக்க வேண்டும். கையில் சுற்றும் பட்டை கையின் சுற்றளவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். சிறியதாக இருந்தால் அழுத்தம் கூடுதலாகத்தான் காட்டும். காலையில் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை, நடுவே ஒரு நிமிட இடைவெளி, ஏழு நாள். முதல் நாள் கணக்கைத் தள்ளிவிட்டு மற்றதன் சராசரியை எடுங்கள். 135/85ஐத் தொட்டாலோ தாண்டினாலோ மருத்துவரைப் பாருங்கள். அந்த ஏழு நாள் முடிந்ததும் கருவியை உள்ளே வைத்துவிட வேண்டும். மணிக்கொரு தரம் அளப்பவருக்கு அளப்பதே அழுத்தத்தை ஏற்றும்.

எங்களை அதிகம் கவலைப்படுத்துவது, பயத்தால் தவறவிடப்படும் சிகிச்சைகள். ஊசி, ரத்தம், பல் டாக்டர், ஸ்கேன் அறை ஆகியவற்றுக்குப் பயந்து வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். ரத்தத்தைப் பார்த்தால் மயங்குபவருக்குத் தளர்வுப் பயிற்சி சொல்லித்தருவது தவறு. அவருக்கு முதலில் ஏறும் ரத்த அழுத்தம் பிறகு சரிந்துவிடுகிறது, தளர்த்தினால் இன்னும் சரியும். அவர் செய்ய வேண்டியது நேர் எதிர். கை, கால், வயிற்றுத் தசைகளை முகத்தில் சூடு தெரியும்வரை 10 முதல் 15 விநாடி இறுக்கி, 20 முதல் 30 விநாடி சாதாரண நிலைக்கு விட்டு, ஐந்து தடவை திரும்பச் செய்ய வேண்டும். ஊசி போடும் கையை மட்டும் தளர்வாக விடலாம். ஒரு வாரம் தினமும் வீட்டில் பழகிவிட்டு ரத்தப் பரிசோதனைக்குப் போகச் சொல்லுங்கள். எளிய பயிற்சி, நன்றாகவே வேலை செய்கிறது.

உடற்பயிற்சியும் இப்படித்தான் கைவிடப்படுகிறது. துடிப்பு ஏறினால் அட்டாக் வந்துவிடும் என்று மாடிப்படியைத் தவிர்ப்பவரின் உடல் சில மாதங்களில் பலம் குறைந்து, நாலு படிக்கே துடிப்பு ஏறுகிறது, பயம் உறுதிப்படுகிறது. இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு, கர்ப்பம் ஆகியவை இல்லை என்று பார்த்த பிறகு, சிகிச்சையாளர் வேண்டுமென்றே ஒரு நிமிடம் நின்ற இடத்தில் ஓடச் சொல்வார், சுழல் நாற்காலியில் ஒரு நிமிடம் சுற்றச் சொல்வார், மெல்லிய ஸ்ட்ராவில் ஒரு நிமிடம் மூச்சு விடச் சொல்வார். அந்த உணர்வு வந்து தானாகவே போவதை உடல் கற்றுக்கொள்வதுதான் நோக்கம். நடுவில் நாடியைப் பிடித்துப் பார்ப்பது, தண்ணீர் குடிப்பது போன்ற ‘பாதுகாப்பு’ வேலைகள் செய்தால் அந்தப் பாடம் பதியாது.

மருந்து விஷயத்தில், பதற்ற நோய்க்குத் தினமும் எடுக்கும் செர்ட்ரலின், எஸிடலோப்ராம் போன்றவை முதல் இரண்டு வாரத்தில் குமட்டலையும் படபடப்பையும் கூட்டலாம் என்று முன்கூட்டியே சொல்லாததால்தான் பலர் மூன்றாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். பேனிக் நோயாளிக்கு செர்ட்ரலின் 25 மி.கி., எஸிடலோப்ராம் 5 மி.கி. என்று குறைவாகத் தொடங்குவது இதற்காகத்தான். பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். முதியவர், அதிலும் தயாசைடு வகை பி.பி. மாத்திரை எடுப்பவர் என்றால், தொடங்கிய சில வாரங்களுக்குள் ரத்தத்தில் சோடியம் பார்க்க வேண்டும். 135க்குக் கீழே இறங்கும்போது வரும் குழப்பமும் தள்ளாட்டமும் ‘வயதாகிவிட்டது’ என்று விடப்படுகின்றன. ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் வகை மருந்துகளோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு வாய்ப்பு கூடும். அல்பிரஸோலம் போன்ற மாத்திரைகள் பதற்றத்தை உடனே தணிக்கும், ஆனால் சில வாரங்களிலேயே உடல் அதற்குப் பழகிவிடும். தினமும் எடுத்தவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். மருத்துவர் சொல்லும் அளவில் வாரக்கணக்கில், தேவைப்பட்டால் மாதக்கணக்கில் குறைத்துத்தான் வெளியே வர வேண்டும்.

பரிசோதனை ஒரு முறை முழுமையாக நடக்க வேண்டும்: ரத்த அணுக்கள், டி.எஸ்.எச்., சர்க்கரை, சோடியம், பொட்டாசியம், கால்சியம், இ.சி.ஜி., சரியாக அளந்த பி.பி., சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியல். மற்றவை அறிகுறியைப் பொறுத்து. எல்லாம் சரியாக இருந்தால் அதையே ஆறு மாதத்துக்கு ஒரு முறை திரும்ப எடுப்பதை நாங்கள் ஆதரிப்பதில்லை. அது தரும் நிம்மதி ஓரிரு வாரம்கூட நிற்பதில்லை. சம்பந்தமில்லாத ஏதோ ஓர் எண் சற்றே எல்லை தாண்டிப் புதிய பயத்தைக் கிளப்பும். புதிய வகை அறிகுறி வந்தால் மட்டும் புதிதாகப் பார்க்க வேண்டும். டாக்டரிடம் போகும்போது ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொண்டு போகலாம்: எத்தனை மணிக்கு வந்தது, சட்டென்றா மெல்லவா, என்ன செய்துகொண்டிருந்தீர்கள், துடிப்பு எவ்வளவு, எவ்வளவு நேரம் நீடித்தது, எப்படி நின்றது, அதற்கு முந்தைய 6 மணி நேரத்தில் என்ன மருந்து, எத்தனை காபி. அதோடு ஜி.ஏ.டி.-7 என்ற ஏழு கேள்விப் படிவத்தையும் நிரப்பலாம். மொத்தம் 21க்கு 10 அல்லது அதற்கு மேல் வந்தால் பதற்ற நோய்க்கான முறையான மதிப்பீடு தேவை. ஆனால் தைராய்டு நோயாளிக்கும் அதில் 10 வரும் என்பதை மறந்துவிட வேண்டாம்.

ஆசிரியரிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். இத்தகைய கேள்விகளுக்குப் பதில் அச்சிடும்போது, எந்தெந்தப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும், எந்த அறிகுறி வந்தால் காத்திருக்கக் கூடாது, பதற்ற நோய்தான் என்றால் யாரிடம் போய் என்ன சிகிச்சையை எத்தனை வாரம் எடுக்க வேண்டும் என்ற விவரத்தையும் பதில் எழுதும் மருத்துவரிடம் கேட்டு வாங்கிச் சேர்த்து வெளியிடுங்கள். இடம் போதாதென்றால் கேள்விகளில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு மனநல மருத்துவர், ஒரு பொது மருத்துவர்
(பெயர்களை வெளியிட வேண்டாம்)